பாரும் பெஞ்சும்

எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம் "பார்" என்று உரக்கச் சொன்னால், பக்கத்தில் நிற்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான். டாஸ்மாக் கடையை ஒட்டித் தகரக் கூரை போட்ட, வெளிச்சம் குறைந்த ஓரிடம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கக்கூட மாட்டார்கள்.

அதே இரண்டெழுத்துச் சொல்லை ஸ்பெயின் நாட்டில் வேறு பொருளில் வைத்திருக்கிறார்கள். என் தங்கை மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் அல்மெரியா என்கிற துறைமுகத்தில் நின்றபோது போனில் சொன்னான்: "மாமா, இங்க பார்னா நம்ம ஊர் டீக்கடை மாதிரி மாமா. காலையில காப்பியும் ரொட்டியும். மத்தியானம் ஒரு சின்ன கிளாஸ் பீரு. பாட்டி பேத்தியைக் கூட்டிட்டு வந்து உக்காந்திருக்கு."

அல்மெரியா ஸ்பெயினின் தென்கோடியில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கிறது. அங்கேயும் கிரனாடாவிலும் ஒரு பழக்கம் உண்டு. குடிக்க எதை வாங்கினாலும் கூடவே தின்ன ஒரு சின்னத் தட்டு வரும். அதற்குத் தனிக் காசு கிடையாது. பொரித்த மீனோ, உருளைக்கிழங்கோ, இறைச்சித் துண்டோ இருக்கும். "தாப்பா" என்பது அதன் பெயர். மூடி என்று பொருளாம். நம் ஊர் மொழியில் சொன்னால் "டச்சிங்ஸ்". ஆனால் நம்மவர்கள் சாத்தூர் காராச்சேவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் 1981 முதல் 34 ஆண்டு எழுத்தர் வேலை பார்த்தவன். கப்பலை விட்டு இறங்குகிற எந்த நாட்டு மாலுமியும் கேட்கிற முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். கோயில் எங்கே, கடற்கரை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. "கையைக் கடிக்காத, உள்ளூர்க்காரர்கள் போகிற இடம் எது?" என்றுதான் கேட்பார்கள். பிலிப்பைன்ஸ்காரரும் அதைத்தான் கேட்டார், உக்ரைன்காரரும் அதைத்தான் கேட்டார். மாதக்கணக்கில் தண்ணீரில் மிதந்தவனுக்கு மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிற ஓரிடத்தில் அரை மணி நேரம் இருந்தால் போதும். குடி அதற்குச் சாக்கு என்பது என் எண்ணம்.

அப்படி ஓரிடத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மருமகன் அல்மெரியாவில் செய்ததும் நான் தூத்துக்குடியில் சொல்லி அனுப்பியதும் ஒன்றேதான். தண்ணீர் தெரிகிற தெருவுக்கு முதுகைக் காட்டி நாலு தெரு உள்ளே நடக்க வேண்டும். சாப்பாட்டுப் படம் ஒட்டிய கடையைத் தாண்டிப் போக வேண்டும். வேலைக்காரர்கள் எந்த நேரத்தில் ஓய்வு எடுக்கிறார்களோ அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் அது காலை பத்து, பத்தரை. சந்தையில் மூட்டை தூக்குகிறவரும் வங்கி ஊழியரும் ஒரே மேடையில் முழங்கை ஊன்றி நிற்கிற கடைதான் கடை. நின்று சாப்பிட்டால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் கூடுதல் விலை என்பது அங்கே பல கடைகளில் வழக்கம். விவரம் தெரிந்தவன் உள்ளே நிற்பான்.

தூத்துக்குடியில் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க இருட்டிலேயே கிளம்புவார்கள். மீன்பிடித் துறைமுகத்திலும் அதே நேரத்தில்தான் சந்தடி. அந்த நேரத்தில் பாய்லர் கொதிக்கிற கடை, லாரி கிளீனர்களும் லோடுமேன்களும் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே காலை ஊன்றி நிற்கிற கடை, அதுதான் நம்முடைய "பார்". வடைச்சட்டியில் எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ் கழுவுகிற தண்ணீரைப் பாருங்கள். டீ மாஸ்டர் பேர் கேட்காமலே "அண்ணாச்சிக்குச் சர்க்கரை கம்மி" என்று போடுகிறாரா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் உட்காரலாம்.

உட்காரலாம் என்று எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான். உட்கார இடம் வேண்டும்.

குடியைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடுகிறேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனால் குடிக்கிறவர்களோடு 34 ஆண்டு வேலை பார்த்திருக்கிறேன். குடிக்கிறவனுக்கு உபதேசம் சொல்வதை விட, அவனுக்கு எதை விற்கிறோம் என்று பார்ப்பது நல்லது. 2003 நவம்பர் கடைசியில் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே எடுத்துக்கொண்டது. கடையில் பாட்டில் விற்பது அரசு. பார் நடத்துவது ஏலம் எடுத்த தனியார். ஏலத்தில் அவருக்குக் கிடைப்பது இரண்டு உரிமைகள்: தின்பண்டம் விற்பதும் காலிப் பாட்டிலைச் சேகரிப்பதும். இந்த ஏற்பாட்டை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆள் எவ்வளவு நேரம் இருந்தான், நன்றாக இருந்தானா, நாளைக்கும் வருவானா என்பதில் யாருக்கும் லாபம் இல்லை. பாட்டில் சீக்கிரம் காலியானால்தான் லாபம்.

அளவைப் பாருங்கள். ஸ்பெயினில் வேலைக்காரன் கேட்டு வாங்குகிற சின்ன பீர் ஏறக்குறைய 200 மில்லி. அதில் ஆல்கஹால் 5 சதவீதம். அதாவது சுத்தமான ஆல்கஹால் 10 மில்லி. நம் கடையில் பிராந்தி, ரம் வகையில் கிடைக்கிற மிகச் சிறிய அளவு குவார்ட்டர், 180 மில்லி. அதில் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லி வருகிறது. அங்கே எட்டு கிளாஸில் போகிறதை இங்கே ஒரே பாட்டிலில் அடைத்துக் கையில் கொடுக்கிறோம். "கொஞ்சமாகக் குடிக்கிறேன்" என்று ஒருவன் உண்மையாகவே நினைத்து வந்தாலும் கொஞ்சமாக வாங்க வழியில்லை. மீதியை வீட்டுக்குக் கொண்டுபோக மனைவி விட மாட்டாள். அங்கேயே, நின்றவாக்கில், பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

விலையையும் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். நாள்கூலியில் பாதிக்குச் சற்றுத்தான் குறைவு. தண்ணீர், டம்ளர், தின்பண்டம் எல்லாம் தனி. அல்மெரியாவில் தட்டோடு சேர்த்து ஒரு கிளாஸ் மூன்று யூரோ அளவில் முடிந்துவிடும் என்கிறான் மருமகன். ஸ்பெயினில் குறைந்தபட்ச ஊதியம் 2025ல் மாதம் 1,184 யூரோ. ஆண்டுக்கு 14 சம்பளம். ஒரு நாள் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்குதான் அவனுக்குச் செலவு. மூன்று யூரோவை ரூபாயில் மாற்றினால் முந்நூறுக்குப் பக்கத்தில் வருமே என்று மலைக்க வேண்டாம். கூலியோடு சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

எங்கள் பகுதியில் பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம், ஆலை என்று சொல்கிற வழக்கம் இல்லை. அங்கே சனிக்கிழமை சம்பளம். மருந்து அறையில் ஒருவர் கையோடு இன்னொருவர் உயிர் கட்டப்பட்டிருக்கிற தொழில் இது. சனிக்கிழமை இரவு ஒருவன் எட்டு கிளாஸ் அளவை ஒரே மூச்சில் குடிக்கிறான் என்றால் அது அவன் வீட்டு விஷயம் மட்டும் அல்ல. கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது, திங்கட்கிழமை காலை எந்தக் கையோடு வேலைக்கு வருகிறான் என்பதெல்லாம் அந்த 180 மில்லியில் இருக்கிறது. 2023ல் 90 மில்லி அளவில் காகித டப்பாவில் விற்கலாமா என்று பரிசீலிப்பதாகத் துறை அமைச்சர் சொன்னார். உடனே எதிர்ப்பு. குடியை இன்னும் எளிதாக்குகிறார்கள் என்று எல்லாக் கட்சியும் பேசியது. கர்நாடகத்தில் அந்த அளவு பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போய்விடும் என்ற பயத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் பெரிய அளவு நல்லது, சிறிய அளவு கெட்டது என்று பேசியவர்கள் ஒரு குவார்ட்டரையாவது அளந்து பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் இறங்கினால் கேரளம், அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. குற்றால சீசனுக்குப் போகிற நம் ஊர் ஆட்கள் பலர் அந்தப் பக்கமும் ஒரு நடை போய்வருவது ஊரறிந்தது. அங்கே கடையின் பெயர் சாராயத்தால் பரவுவதை விட மீன் குழம்பாலும் மரவள்ளிக்கிழங்காலும்தான் பரவுகிறது. சில இடங்களில் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வருகிறார்கள். கள்ளில் ஆல்கஹால் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரு குவார்ட்டருக்குச் சமமாகக் குடிக்க வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். அதற்குள் வயிறே "போதும்" என்று சொல்லிவிடும். கள்ளில் கலப்படம் செய்வார்கள், அதனால் தடை என்பது அரசுத் தரப்பு வாதம். பயம் நியாயமானதுதான். ஆனால் கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற வேலையைச் செய்ய முடியாது என்பதற்காக, பனை ஏறுகிறவனின் பிழைப்பையே எடுத்துவிட்டோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்களே, அவர்களில் பெரும்பாலோர் அன்றாடங் காய்ச்சிகள். கடைப் பாட்டிலுக்குக் காசு போதாதவன் பாக்கெட்டைத் தேடிப் போனான்.

இதுவரை எழுதியதை என் வீட்டம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். எப்போதும் கொடுப்பேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்துவிட்டுச் சொன்னாள்: "ஆம்பளைங்க உக்கார இடம் தேடி ஸ்பெயின் வரைக்கும் போயிட்டீங்க. நாங்க எங்க உக்கார்றதாம்?"

பதில் சொல்ல முடியவில்லை. நினைத்துப் பாருங்கள். நம் டீக்கடைப் பெஞ்சைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டுத்தான் திராவிட இயக்கமே கிராமத்துக்குள் வந்தது என்கிறோம். "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று போர்டு மாட்டியும் நிற்காத பேச்சு அது. எல்லாம் உண்மை. அந்தப் பெஞ்சில் எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறோம்? பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்று எங்கள் ஊரில் காலையில் வேன் வந்து நிற்கிறபோது பார்த்தாலே தெரியும். தூத்துக்குடி உப்பளத்திலும் அப்படித்தான். ஆணுக்குச் சமமாக வெயிலில் வெந்தவள் டீ குடிக்க நினைத்தால், ஒரு பையனை அனுப்பிப் பார்சல் வாங்கி, மரத்தடியில் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே குடிக்கிறாள். அல்மெரியாவில் அந்தப் பாட்டி பேத்தியோடு உட்கார்ந்திருந்ததுதான் மருமகன் சொன்னதிலேயே எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. பீர் விலை அதற்கு அப்புறம்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதினால் சிலருக்குக் கசக்கும். எங்கள் தெற்கு மாவட்டங்களில் பெஞ்சு எல்லா ஆணுக்கும்கூடப் பொதுவாக இருந்ததில்லை. இரட்டைக் குவளை என்பது புத்தகத்தில் படித்த சொல் அல்ல எங்களுக்கு. ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு சாராருக்குக் கூரை ஓரத்தில் செருகி வைத்த தனி டம்ளர். அவர்களே கழுவி வைத்துவிட்டுத் தரையில் குந்திக் குடிக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவு விடுதி என்று பெயர் சொல்லியே இதைத் தடுக்கிறது. தீண்டாமையை 17ஆவது பிரிவு ஒழித்தது. 1955ல் தனிச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த டம்ளர் கூரையிலேயே இருந்தது. பிறகு காகிதக் கப் வந்தது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்துவிட்டுத் தூக்கிப் போடலாம். டம்ளர் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். யார் குடித்த கிளாஸை யார் தொடுவது என்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது. கப் மாறிய கடைகளில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

ஆகவே, மலிவான உள்ளூர்க் கடை என்று யாராவது சிபாரிசு செய்தால் விலைப் பட்டியலை மட்டும் நான் கேட்பதில்லை. யாருக்கு மலிவு என்று கேட்கிறேன். இப்போது புதிதாக வருகிற டீக்கடைகள் பளபளவென்று இருக்கின்றன. டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், விளக்கு நன்றாக எரிகிறது. பெண்களும் வருகிறார்கள். அது நல்ல மாற்றம், மறுக்க மாட்டேன். ஆனால் பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள். நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஸ்டீல் மேஜை. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். என்னைப் போல முழங்கால் தேய்ந்தவனுக்கு அந்தக் கடை மலிவு இல்லை. எட்டு மணி நேரம் கால் மடக்கிச் சரவெடி பின்னிவிட்டு வருகிற பெண்ணுக்கும் மலிவு இல்லை.

(இடையில் ஒரு செய்தி. எங்கள் ஊர் பக்கம் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. வைப்பாற்றங்கரை. சங்கு வளையல், சூதுபவள மணி, தங்க அணிகலன் எல்லாம் கிடைத்தன. எல்லாரும் தங்கத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பிடித்தது சுடுமண் ஆட்டக்காய்கள். அத்தனை ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஊரில் வேலை முடிந்து நாலு பேர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள்.)

சரி, என்ன செய்யலாம்? டாஸ்மாக் கடைகளை மூட வேண்டும் என்று போராடுகிறவர்களை நான் மதிக்கிறேன். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். இன்னும் மூடட்டும். ஆனால் ஒரு கடையை மூடுகிற அன்றைக்கே அதே தெருவில் வேறு ஒன்றைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வருகிறவனுக்கு வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. அங்கே பிள்ளை படிக்கிறது, சமையல் நடக்கிறது. அவன் எங்காவது ஒரு மணி நேரம் இருந்தாக வேண்டும். கடையை மூடினால் அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறான், திரும்பி வரும்போது இருட்டில் பைக்கோடு விழுகிறான்.

அரசுக்கு இது தெரியாத வேலை அல்ல. 2013ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். சமைத்துப் பரிமாறியவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பெண்கள் நடத்துகிற இடத்துக்குப் பெண்கள் தயங்காமல் வருவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் தாங்களாகவே போய் வர ஆரம்பித்ததைக் கண்ணால் பார்க்கிறேன். போய் இறங்குகிறார்கள், வேலையை முடிக்கிறார்கள், பேருந்து வருகிற வரை நிற்கிறார்கள். அங்கே அதே சுய உதவிக் குழு நடத்துகிற ஒரு டீக்கடை வேண்டும். பருப்பு வடை, சுண்டல், டீ, வெயில் காலத்தில் பதநீர். பதநீருக்கு இங்கே தடை இல்லை. விலையைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கண்ணாடி கிளாஸ் ஒரே மாதிரி, எல்லாருக்கும், கழுவுவது கடைக்காரர் பொறுப்பு.

வீட்டம்மா இதையும் படித்தாள். "முதுகு சாயுற மாதிரி பெஞ்சு போடச் சொல்லி எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.